லாரி நிற்கிற இடத்துச் சாப்பாடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும் நன்றாக இருக்கிறாள், அந்த வலது கை ஒன்றைத் தவிர, அதுவும் மாவுக்கட்டுக்குள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, குறையில்லாமல் இருப்பாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். முதலில் ஒரு விஷயம். இதைப் படித்து முடிக்கிறவரை டிக்கெட் எடுக்காதே. அம்மா இளைத்துப் போய்விட்டாள், இப்படிச் சாப்பிடாமல் கிடந்தால் எலும்பு எப்படிச் சேரும் என்று டாக்டர் உன்னிடம் போனில் சொன்னதும், நீ உடனே லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றதும், இப்போது லீவு போட்டால் அந்த ஆய்வுக்கூடத்தில் உன் வேலையை நிரந்தரமாக்குகிற பேச்சு திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்த பிறகு அவள் இன்னும் குறைவாகச் சாப்பிட்டாள், அந்தக் கூத்தைத்தான் எழுதப்போகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்ததும் உன் அம்மா பக்கத்தில் இருந்து திருத்தம் சொல்கிறாள், கடைசியில் யார் பேசுகிறோம் என்று உனக்கே தெரிவதில்லை. அதனால் எழுதி, கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லுவேன். அவள் படித்தாலும் பரவாயில்லை, தெருவுக்கே தெரிந்த கதைதான். என் கையெழுத்து புரியாத இடத்தில் நல்லதாக ஏதாவது நினைத்துக்கொள்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த அன்றைக்கே சமையலை நான் எடுத்துக்கொண்டேன். காலமெல்லாம் லாரி ஓட்டினவன், சாலையோரத்தில் மூன்று கல்லை வைத்துச் சமைக்கிறதைப் பார்த்தவன், எனக்கு வராதா என்று ஒரு தைரியம். பார்த்தவன் என்பதைக் கவனி. சமைத்தது எப்போதும் கிளீனர்தான், நான் வண்டிக்கடியில் துண்டை விரித்துத் தூங்கினவன். குழம்பு என்று ஒன்று வைத்தேன். அதைக் குழம்பு என்று சொன்னால் மற்ற குழம்பெல்லாம் கோபித்துக்கொள்ளும். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பு போட்டீங்களா என்று கேட்டாள். போட்டேனே என்றேன். எதுல போட்டீங்க என்று கேட்டாள். அடுப்பைப் போய்ப் பார்த்தால் காய்ச்சின பால் உப்பு விழுந்து திரிந்து கிடக்கிறது, குழம்புப் பாத்திரத்தின் அடி தார் ரோடு மாதிரி இருக்கிறது. அதோடு எனக்கு அடுப்புப் பக்கம் போகத் தடை உத்தரவு. சரி, வெளியில் வாங்கிச் சாப்பிடலாம், ஊரில் இல்லாத கடையா என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நீ நல்ல காற்று, நல்ல தண்ணீர் என்று தேடிப் பிடித்துக் கொடுத்த வீடு, குறை சொல்லக்கூடாது, ஆனால் இந்தப் புறநகரில் காற்றையும் தண்ணீரையும் தவிர வாயில் போட வேறு ஒன்றும் இல்லை பாப்பா. தெருவுக்குத் தெரு மருந்துக்கடை இருக்கிறது, முடிவெட்டுகிற கடை இருக்கிறது, சோற்றுக்கடை மட்டும் கிடையாது. இங்கே இருக்கிறவர்கள் மாத்திரையைச் சாப்பிட்டு முடியை வளர்க்கிறார்கள் போல. யாரைக் கேட்டாலும் போனில் வரவழைச்சுக்கங்க என்கிறார்கள். நீயும் அதைத்தானே சொன்னாய். அந்த ஆப்பைத் திறந்தேன். அது நம் வீடு எங்கே என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டது, அதன் கணக்கில் நாம் தெருமுனைத் தண்ணீர்த்தொட்டியில் குடியிருக்கிறோம். சாப்பாடு கொண்டுவந்த ஆள் தொட்டிக்கடியில் நின்று போன் செய்கிறான், நான் வாசல் கேட்டில் நின்று போன் செய்கிறேன். கடைசியில் அவன் அலுத்துப் போய், நானும் இங்கதான் நிக்கிறேன், நீங்களும் இங்கதான் நிக்கிறீங்க, யாரோ ஒருத்தர் பொய் சொல்றோம் சார் என்றான். சாப்பாடு வந்து சேருகிறபோது ஆறி விறைத்துவிட்டது. கொண்டுவந்த கூலி சாப்பாட்டு விலையைத் தாண்டிவிட்டது. அம்மா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டு, நல்லா இருக்குங்க என்று சொல்லித் தட்டை மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் பெரிய சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட இடம் ஒன்றுக்குள்ளே போனேன். உள்ளே ஒரே இருட்டு. கரண்ட் போயிடுச்சா தம்பி என்று கேட்டேன், இல்ல சார், இதுதான் எங்க வெளிச்சம் என்றான். உட்கார்ந்ததும் தண்ணி எந்தத் தண்ணி வேணும் என்று கேட்டான். நனைகிற தண்ணியா கொண்டா என்றேன், சிரிக்கவில்லை. விலைப் பட்டியலை நான் வலதுகைப் பக்கத்தில் இருந்து படிக்கிறவன் என்று உனக்குத் தெரியும், விலையைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் பதார்த்தத்தின் பெயரைப் பார்ப்பேன். இருக்கிறதிலேயே சின்ன விலையாகப் பார்த்துக் கை காட்டினேன். ஸ்டீயரிங் அகலத்துக்கு ஒரு தட்டு வந்தது, நடுவில் ஹாரன் அளவுக்குச் சோறு. அதையும் சாப்பிடாமல் கட்டி வாங்கி வந்து அம்மாவுக்குக் கொடுத்தேன். இரண்டு ஸ்பூன், நல்லா இருக்கு, தட்டு மூடியாச்சு. அடுத்து ஆஸ்பத்திரிக்குள்ளே இருக்கிற கேண்டீன் மலிவு என்று கேள்விப்பட்டுப் போனேன். விலையும் நியாயம், சோறும் வஞ்சனையில்லை. ஆனால் வாசலில் காவல்காரர் எந்த நோயாளிக்குத் துணை என்று கேட்டார். என் சம்சாரம், எலும்புப் பிரிவு என்றேன், அது பொய்யில்லை, கட்டு போட்டது அங்கேதான். எந்தப் படுக்கை என்றார். வீட்டுல ஜன்னலோரம் இருக்கிற கட்டில் என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனுஷன், அன்றைக்கு மட்டும் விட்டார். அந்தச் சோற்றுக்கும் அம்மாவிடம் அதே இரண்டு ஸ்பூன், அதே நல்லா இருக்கு. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை பாப்பா. நல்லா இல்லை என்று சொன்னால் கடையை மாற்றலாம், நல்லா இருக்கு என்று சொல்கிறவளிடம் எதை மாற்றுவது. தையல்கார அம்மா வாய் கசந்திருக்கும், புளிப்பாகக் கொடுங்க என்றாள், மருந்துக்கடைக்காரர் புளிப்பு ஆகாது, பால் கொடுங்க என்றார், உன் சித்தப்பா போனில் எல்லாம் மனசுதான் அண்ணா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். மனசுக்கு எந்தக் கடையில் போய் என்ன வாங்குவது. உன் அம்மாவின் ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்துவிட்டு ராத்திரி நான் படுத்தால் தூக்கம் வரவில்லை. ஒருபக்கம் இவள் கை, இன்னொருபக்கம் நீ பெட்டி கட்டுகிற சத்தம் எனக்கு இங்கேயே கேட்கிற மாதிரி ஒரு பிரமை.

அப்போதுதான் எனக்கு என் சொந்தத் தொழில் ஞாபகம் வந்தது. எந்த ஊரானாலும் லாரி நிற்கிற இடத்தில் இறங்கிச் சாப்பிடு, விலை குறைவு, வயிறு கெடாது, இது லாரிக்காரனுக்கு வேதம். கடைப் பலகையைப் படித்து ஏமாந்திருக்கிறேன், லாரியைப் பார்த்து ஏமாந்ததில்லை. ஆகவே மத்தியானம் கிளம்பி, சாப்பாட்டுக் கடையைத் தேடாமல் லாரியைத் தேடினேன். நமக்குப் பின்தெருவைத் தாண்டி ஒரு காலி மனை, அதில் மூன்று லாரி நிற்கிறது. பக்கத்தில் ஒரு வீடு, வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை, நீளப் பெஞ்சு, குழாயடியில் டிரைவர்கள் கை கழுவுகிறார்கள். பலகை ஒன்றும் இல்லை. நல்ல கடைக்கு எதுக்குப் பலகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நானும் கை கழுவி உட்கார்ந்தேன். பழைய காக்கிச் சட்டையைத்தான் போட்டிருந்தேன், அம்மாவால் துவைக்க முடியாததால் அலமாரியில் அதுதான் மிச்சம். ஒரு அக்கா வந்தார், நல்ல உயரம், இடுப்பில் துண்டு, ஒன்றும் கேட்காமல் தட்டை வைத்துச் சோறு போட்டார். சூடான சோறு, கீரை, முட்டை, கேட்டால் கேட்ட அளவுக்குக் குழம்பு. பக்கத்தில் இருந்த மீசைக்காரரோடு கியர் பாக்ஸ் பற்றி, டயர் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு ஒரு பார்சல் கிடைக்குமா அக்கா என்று கேட்டேன், என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு கட்டிக் கொடுத்தார். எவ்வளவு ஆச்சு என்றேன், மீசைக்காரர் சிரித்தார், அதெல்லாம் முதலாளி சம்பளத்துல பார்த்துக்குவாரு பெரியவரே என்றார். மாதக் கடைசியில் மொத்தமாக வாங்குகிற கடை போல, டிரைவர்களை நம்பிக் கடன் கொடுக்கிற மகராசன் எவனோ என்று எண்ணி, சம்பளம் என்ற வார்த்தையைக் காதில் வாங்காமல் வந்துவிட்டேன். வயிறு நிறைந்தவனுக்குக் காது கேட்காது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன், உன் மகள் போனைக் காட்டினாள், நான் லாரியைக் காட்டினேன் பார் என்று. அவள் இரண்டு ஸ்பூனை மூன்று ஸ்பூன் ஆக்கினாள், அவ்வளவுதான்.

நாலாவது நாளோ என்னவோ, சாப்பிட்டு எழுந்ததும் உள் அறையில் முதலாளி கூப்பிடுகிறார் என்றார்கள். போனேன். மேஜையில் ஒரு லாரிச் சாவி கிடந்தது. லைசென்ஸ் கொண்டாந்தீங்களா என்று கேட்டார். ஆகா, லைசென்ஸ் காட்டினால் டிரைவர்களுக்குத் தனி விலை போலிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். பையில் இருந்து எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேதி முடிஞ்சு போச்சே பெரியவரே என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "சாப்பிடறதுக்குக்கூடவா தேதி பார்ப்பீங்க" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். அப்புறம்தான் விவரம் வெளியே வந்தது. அது கடை இல்லை பாப்பா, வீடு. அந்த முதலாளிக்கு மூன்று லாரி, அவர் டிரைவர்களுக்கு அவர் சம்சாரம், அந்த அக்கா, மத்தியானச் சோறு போடுகிறார். வெளியூரில் இருந்து வயசான டிரைவர் ஒருத்தர் அந்த வாரம் வேலைக்குச் சேர வருவதாகப் பேச்சு, அவர் வரவில்லை, நான் போய்விட்டேன். நான் அவர் வீட்டில் உட்கார்ந்து ஒருநாள் கீரையில் உப்பு கம்மி என்று வேறு சொல்லியிருக்கிறேன். முதலாளி கோபப்படுவார் என்று பார்த்தேன், அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, அந்த ஆளு வரலைன்னு தெரிஞ்சதைவிட நீங்க வண்டி ஓட்ட வரலைன்னு தெரிஞ்சதுதாங்க வருத்தம், லோடு நிக்குது என்றார். அந்த அக்கா வாசற்படியில் நின்று கேட்டவர் சிரிக்கிற சிரிப்பில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு, அப்ப அந்தப் பார்சல் யாருக்கு அண்ணே என்று கேட்டார். சொன்னேன். கை உடைந்தது, சாப்பிடாதது, நீ வருகிறேன் என்று நிற்பது, எல்லாம் சொல்லிவிட்டேன். நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க என்றார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் நான் மறைத்தால் என் முகமே போஸ்டர் அடித்து ஒட்டிவிடும். அவள் நல்ல கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். சொந்தமா பந்தமா, எவர் வீட்டுலயோ போய் உட்கார்ந்து தின்னுட்டு, பார்சல் வேற, அதுல உப்பு வேற கம்மியா என்று ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரம்வரை ஓயவில்லை. விழுந்த நாளில் இருந்து அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை, எனக்குத் திட்டு வாங்கினதிலும் ஒரு நிம்மதி. மறுநாள் அவளே புடவையை மாற்றிக்கொண்டு, தையல்கார அம்மாவிடம் தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டாள், மன்னிப்புக் கேட்க. விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் அவள் படி இறங்கினது அதுதான் முதல். அங்கே போனதும் அந்த அக்கா அவளைச் சமையல்கட்டுக்குள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வெளியே பெஞ்சில், டிரைவர்கள் நடுவில். மீசைக்காரர் புது டிரைவர் வந்தாச்சா, தேதி போட்டு வந்தாரா என்று என்னை ஓட்டிக்கொண்டே இருக்கிறார். உள்ளே பேச்சு கேட்கிறது, ஒரு தரம் உன் அம்மா சிரிக்கிற சத்தமும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து அக்கா வெளியே வந்து எங்களுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, உங்க வீட்டம்மா ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாங்க, சாப்பிடமாட்டாங்கன்னு யாரு சொன்னது என்றார். நான் நம்பவில்லை. கண்ணால் பார்த்தால்தான் ஆச்சு என்று எழுந்து உள்ளே போகப்போனேன், அக்கா கரண்டியைக் குறுக்கே நீட்டி, நீங்க இங்கயே இருங்கண்ணே என்று உட்காரவைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதே சோறு, அதே குழம்பு, நான் நாலு நாளாகச் சுடச்சுடக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தது, அங்கே இறங்காதது இங்கே எப்படி இறங்கிற்று.

திரும்பி நடக்கிறபோது கேட்டேன், அந்தச் சோத்துல இல்லாதது இந்தச் சோத்துல என்ன இருந்தது என்று. நல்ல கையால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "சோத்துல ஒண்ணும் இல்லைங்க. நீங்க எதிர்ல உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தா எனக்கு எப்படி இறங்கும்? நான் என்ன எடை மேடையில நிக்கிற லாரியா? ஸ்பூன் மேல போனா உங்க வாயும் கூடவே திறக்குது." பாப்பா, நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது நிஜம். சோற்றை வைத்துவிட்டு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஸ்பூனையும் லோடு ஏற்றுகிறவன் மூட்டை எண்ணுகிற மாதிரி எண்ணியிருக்கிறேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. அவள் தட்டை மூடி வைத்ததெல்லாம் நான் அந்தப் பக்கம் போனதும் சாப்பிடலாம் என்றுதானாம். நான் போகவே இல்லை, உட்கார்ந்து ஏன் சாப்பிடவில்லை என்று விசாரணை வைத்தேன். அவள் என்றைக்கும் தனியாகச் சாப்பிட்டவள். நான் வண்டியில் போயிருப்பேன், நீ பள்ளிக்கூடம் போயிருப்பாய், சமையல்கட்டில் அவள் பாட்டுக்கு ரேடியோவை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவாளாம். அதுதான் அவளுக்கு நாளிலேயே நல்ல நேரமாம். நான் இத்தனை காலமும், ஐயோ பாவம், நம்ம பொண்டாட்டி தனியாகச் சாப்பிடுகிறாளே என்று வண்டி ஓட்டிக்கொண்டே வருத்தப்பட்டிருக்கிறேன். அந்த வருத்தத்தை இப்போது எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை.

குழப்பம் அதோடு தீரவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு, சரி, இனி பார்க்கமாட்டேன் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என்ன, கோபமா என்று கேட்டாள். இல்லையே என்று திரும்பினேன், பார்க்காதீங்க என்றாள். மறுநாள் வெளியே போய் மாடிப்படியில் நின்றேன், உடம்பு முடியாதவளை ஒத்தையா விட்டுட்டு எங்க போனீங்க என்று கேட்டாள். பார்த்தால் குற்றம், பார்க்காவிட்டால் அக்கறை இல்லை, வெளியே போனால் பொறுப்பில்லை. லாரி ஓட்ட ஒரு லைசென்ஸ் போதும், இதற்கு எத்தனை வாங்கவேண்டும் என்று தெரியவில்லை. கடைசியில் அவளேதான் வழி சொன்னாள், எதிர்ல வேணாம், பக்கத்துல உட்காருங்க என்று. மேஜையைத் தள்ளி ஜன்னலோரம் போட்டேன். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து, வண்டியில் டிரைவரும் கிளீனரும் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தோம். எதிர்வீட்டு மாடியில் துணி காய்கிறது, ஒரு பூனை நடக்கிறது, அதைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டோம். நான் திரும்பவே இல்லை. ஸ்பூன் தட்டை வழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, அதற்கு என் காதை யாரும் தடுக்க முடியாது அல்லவா. இப்போது மத்தியானம் லாரி வீட்டில், அவள் உள்ளே, நான் வெளியே. டிரைவர்கள் சம்பளத்தில் சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிக்கிறார்களோ அதையே மாதாமாதம் எங்களிடமும் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லி அக்காவை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டாள். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து அந்தக் கண்ணாடிக் கதவுக்காரன் தண்ணிக்குக் கேட்டதைவிடக் கொஞ்சம்தான் கூட. ராத்திரிக்கு அங்கேயே கட்டி வாங்கிக்கொள்கிறோம், ஜன்னலோரச் சாப்பாடு. நேற்று டாக்டரிடம் போனோம். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, இதே மாதிரி சாப்பிட்டால் கட்டைச் சொன்ன நாளில் பிரித்துவிடலாம் என்றார். விரலை அசைத்துக் காட்டுங்க என்றார், அவள் என்னைச் சுட்டிக்காட்டி அசைத்தாள்.

ஆகவே கண்ணு, நீ வரவேண்டாம். வேலையை நிரந்தரம் செய்துகொண்டு, கிடைக்கிற லீவில் கை நிறைய நாளோடு சந்தோஷமாக வா, கை உடைந்ததற்காக வராதே. அம்மாவும் இதையேதான் சொல்லச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதினால் இன்னும் காரமாக இருக்கும். அங்கே நீயும் நின்றுகொண்டே பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஓடாதே. விலை பார்த்துச் சாப்பிடு, ஆனால் விலையை மட்டும் பார்த்துச் சாப்பிடாதே. குளியலறையில் காலைப் பார்த்து வை, நம் குடும்பத்துக்கு ஒரு மாவுக்கட்டு போதும்.

இன்னொன்று. சொன்னால் வருத்தப்படாதே. தினம் ராத்திரி போனில் முகம் தெரியப் பேசுகிறபோது, என்ன சாப்பிட்ட, தட்டைக் காட்டு, இவ்வளவுதானா என்று நீ கேட்கிறாயே, அதுவும் எதிர்நாற்காலிதான் பாப்பா. நீ எனக்குப் பிறந்தவள், அதில் சந்தேகம் இல்லை. இன்று முதல் போனைத் தட்டுக்கு எதிரில் வைக்கப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்துச் சாய்த்து வைக்கிறோம். உன் தட்டோடு நீயும் உட்கார். எங்கள் முகம் தெரியாது, எதிர்வீட்டு மாடி தெரியும், பூனை வந்தால் சொல்.

நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு, பசித்த நேரத்துக்குப் பக்கத்தில் நல்ல சோறும் நல்ல மனுஷரும் கிடைத்து நீ நீடூழி வாழவேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
லைசென்ஸ் காலாவதியான,
உன் அப்பா